புல்வெட்டும் மெஷினும் பிரிண்டர் கார்ட்ரிட்ஜும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் புல்தரைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. இன்று கடையில் நிற்கும் புல்வெட்டும் மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே லித்தியம் அயான் பேட்டரி, அதைக் கண்காணிக்கும் சர்க்யூட் போர்டு, பி.எல்.டி.சி. மோட்டார், அதை ஓட்டும் கன்ட்ரோலர் எல்லாம் இருக்கின்றன. விலை கூடிய மாடல்களில் புளூடூத், ஜி.பி.எஸ்., கேமரா, மொபைல் ஆப் வரை வந்துவிட்டன. ஆக, புல்வெட்டியும் ஹார்ட்வேர், சாப்ட்வேர் சமாச்சாரம் ஆகிவிட்டது. வாங்குகிறவர்கள்தான் இன்னும் மெஷினின் நிறத்தையும், பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த வோல்ட் எண்ணையும் பார்த்து வாங்குகிறார்கள்.

நான் இ.சி.இ. படித்துவிட்டு சாப்ட்வேர் வேலைக்கு வந்தவன். கோவையில் எங்கள் வீட்டின் முன்னால் 600 சதுர அடியில் புல்தரை இருக்கிறது. சில வருடங்களாக அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. அதனால் அக்கம்பக்கத்தில் யார் புல்வெட்டி வாங்க நினைத்தாலும், "தம்பி, எந்த மெஷின் வாங்கலாமுங்க?" என்று என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது.

நான் சொல்லும் பதில் இதுதான்: மெஷினைப் பார்க்காதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். பேட்டரியே தேவைப்படாது என்றால் இன்னும் நல்லது.

பிரிண்டர் கற்றுக்கொடுத்த பாடம்

இன்க்ஜெட் பிரிண்டர் வாங்கிய எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். பிரிண்டர் விலை குறைவு, கார்ட்ரிட்ஜ் விலை அதிகம். கம்பெனிக்கு லாபம் பிரிண்டரில் அல்ல, அடுத்தடுத்து நீங்கள் வாங்கும் கார்ட்ரிட்ஜில். வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜைப் போட்டால் ஏற்றுக்கொள்ளாமல் இருக்க அதற்குள் ஒரு சிப் வேறு.

கார்ட்லெஸ் தோட்டக் கருவிகளிலும் கதை இதேதான். ஒவ்வொரு கம்பெனியும் தன் பேட்டரிக்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது. ஒரு கம்பெனியின் புல்வெட்டியை வாங்கிவிட்டால், அடுத்து வாங்கும் ட்ரிம்மர், வேலி கத்தரிக்கும் மெஷின், இலை ஊதும் புளோயர் எல்லாமே அதே கம்பெனியில்தான் வாங்கத் தோன்றும். ஏனென்றால் பேட்டரியும் சார்ஜரும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுப்பது போன்ற முடிவு இது. அந்த முடிவை நாம் ஐந்து நிமிடத்தில், விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு எடுத்துவிடுகிறோம்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் கார்ட்லெஸ் ட்ரிம்மர் வாங்கினார். இரண்டரை வருடத்தில் பேட்டரி போய்விட்டது. கடையில் கேட்டால், அந்த மாடல் பேட்டரி இப்போது வருவதில்லை என்றார்கள். அதே கம்பெனியின் புதிய பேட்டரியும் அதே வோல்ட்தான். ஆனால் பிளாஸ்டிக் உறையின் வடிவத்தை மாற்றிவிட்டார்கள், பழைய மெஷினில் நுழையாது. வெளியிலிருந்து 18 வோல்ட் சப்ளை கொடுத்து, லோடு இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் புதிது போலச் சுற்றியது. எந்தக் குறையும் இல்லாத அந்த மெஷின் இப்போது அவர் வீட்டு ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அது சின்ன நஷ்டம் அல்ல.

20 வோல்ட்டும் 18 வோல்ட்டும் ஒன்றுதான்

பெட்டியில் உள்ள எண்ணுக்கு வருவோம். லித்தியம் அயான் செல் ஒன்றின் வேலை செய்யும் வோல்ட் சராசரியாக 3.6. முழுதாகச் சார்ஜ் ஆனவுடன் அதுவே 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் சராசரிக் கணக்கில் 18 வோல்ட், உச்சக் கணக்கில் 20 வோல்ட். பேட்டரி ஒன்றுதான், ஒட்டும் லேபிள்தான் வேறு. அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்கும் கருவிகளை அதே கம்பெனிகள் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கின்றன. பத்து செல் என்றால் 36 அல்லது 40. பதினைந்து செல் என்றால் 54 அல்லது 60. எனவே '18-ஐ விட 20 பெரிது சார்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பார்க்க வேண்டிய எண் வாட்-அவர். சராசரி வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் கிடைக்கும். 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 72 வாட்-அவர். 36 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றாலும் அதே 72 வாட்-அவர். வோல்ட் இரு மடங்காகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் மின்சாரச் சேமிப்பு ஒன்றுதான்.

இதை வைத்து எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் கணக்கிடலாம். 500 வாட் இழுக்கும் புல்வெட்டியை 72 வாட்-அவர் பேட்டரியில் ஓட்டினால், 72-ஐ 500-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள். சுமார் எட்டரை நிமிடம். புல் ஈரமாகவோ உயரமாகவோ இருந்தால் அதைவிடக் குறையும். 'ஒரு முறை சார்ஜ் செய்தால் முழுத் தோட்டமும்' என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மோட்டாரிலும் ஒரு விஷயம் உண்டு. பி.எல்.டி.சி. என்றால் உயர்ந்தது என்று சீலிங் ஃபேன் விளம்பரங்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டன. குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அதன் கன்ட்ரோலர் போர்டு போனால் கம்பெனியைத் தவிர வேறு வழி இல்லை. பழைய மாதிரி மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவரே மாற்றிக் கொடுத்துவிடுவார். சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் இருப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

முதலில் டேப் எடுத்து அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவரிடம் 'என்ன வேலைக்கு?' என்றுதானே முதலில் கேட்போம்? டைப் அடிக்க மட்டும் வாங்குகிறவருக்கு கிராபிக்ஸ் கார்டு எதற்கு? புல்தரைக்கும் அதே கேள்வி. எத்தனை சதுர அடி?

எங்கள் 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். கையால் தள்ளும் உருளை மாடல் புல்வெட்டியின் வெட்டும் அகலம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 56-ஐ 0.3-ஆல் வகுத்தால் 187 மீட்டர் நடை. ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை கொஞ்சம் ஏறி வெட்ட வேண்டும் என்பதால் 250 மீட்டர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகும் தூரம். இதற்கு மோட்டார் எதற்கு, பேட்டரி எதற்கு?

இந்த உருளை புல்வெட்டி பழைய கண்டுபிடிப்பு. 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் மெஷினைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. சுழலும் உருளையில் வளைந்த பிளேடுகள், அடியில் அசையாத ஒரு பிளேடு. இரண்டுக்கும் நடுவில் மாட்டும் புல் கத்தரிக்கோலில் அகப்பட்டது போல நறுக்கென்று வெட்டுப்படும். மோட்டார் வைத்த ரோட்டரி மாடலில் ஒரே பிளேடு வேகமாகச் சுற்றிப் புல்லை அடித்து வெட்டும். பிளேடு மழுங்கினால் புல் நுனி கிழிந்து, இரண்டு நாளில் பழுப்பாகிவிடும்.

உருளை மாடலுக்குக் குறைகளும் உண்டு. மழைக்காலத்தில் பத்து நாள் விட்டுவிட்டால், உயர்ந்த புல்லை வெட்டாமல் சாய்த்துவிட்டுப் போகும். சின்னக் குச்சி மாட்டினாலும் உருளை நின்றுவிடும். பிளேடு மழுங்கினால் டூவீலர் மெக்கானிக்குகள் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்டைத் தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் கூர்மை வந்துவிடும். இதற்கு அப்டேட் தேவையில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை.

என் கணக்கில் ஆயிரம் சதுர அடி வரை கையால் தள்ளும் மெஷின் போதும். முதுகுவலி, முழங்கால்வலி உள்ளவர்கள் வீட்டில் மட்டும்தான் இந்தக் கணக்கு மாறும். அதற்கு மேல் ஒரு கிரவுண்டு வரை வயர் உள்ள மின்சார மெஷினே சிக்கனம். பேட்டரி தீராது, மூன்று வருடம் கழித்து மாற்றவும் வேண்டாம். ஆனால் ஈரப் புல்லில் 230 வோல்ட் வயரை இழுத்துக்கொண்டு நடப்பது விளையாட்டல்ல. அந்த லைனில் 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். செருப்போடு அல்ல, ஷூவோடு இறங்குங்கள்.

அதற்கும் மேலே, தென்னந்தோப்பு, காலி மனை என்றால் பெட்ரோல் பிரஷ் கட்டர்தான் நடைமுறையில் இருக்கிறது. அதை வாங்குவதைவிட, பிரஷ் கட்டர் வைத்திருப்பவரை மாதம் ஒருமுறை கூப்பிட்டுக் கூலி கொடுப்பது மேல். எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை இழுத்து கார்புரேட்டரைக் கெடுக்கும். புகையும் லேசானதல்ல. தொழில்முறைப் பெட்ரோல் புல்வெட்டி ஒரு மணி நேரம் ஓடினால், 2017 மாடல் டொயோட்டா கேம்ரி கார் சுமார் 480 கிலோமீட்டர் ஓடிய அளவுக்குப் புகைமூட்டம் உண்டாக்கும் மாசு வெளியாகிறது என்று கலிஃபோர்னியா மாநிலக் காற்று வாரியம் கணக்கிட்டது. அந்த மாநிலம் 2021-ல் சட்டம் இயற்றி, 2024 முதல் இந்த வகைச் சிறு எஞ்சின்களைப் புதிதாக விற்பதை நிறுத்தும் வழியில் இறங்கியது.

ரோபோ வேண்டுமா?

சாப்ட்வேர்காரன் என்பதால் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது ரோபோ புல்வெட்டியைப் பற்றித்தான். இது நேற்று வந்தது அல்ல. சுவீடனின் ஹஸ்க்வர்னா கம்பெனி 1995-லேயே சூரிய ஒளியில் ஓடும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பழைய முறையில் தோட்டத்தின் ஓரமாக ஒரு வயரைப் பதிப்பார்கள். அதில் மிகச் சிறிய மின்சாரம் ஓடும். அதன் காந்தப் புலத்தை ரோபோவில் உள்ள காயில் உணர்ந்து, எல்லை வந்ததும் திரும்பிவிடும். புதிய முறையில் ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள் சிக்னலோடு, வீட்டில் வைத்த ஒரு பேஸ் ஸ்டேஷன் பிழைதிருத்தம் அனுப்பும். சில சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். ஆனால் மேலே திறந்த வானம் வேண்டும். மாமரமும் மாடிச் சுவரும் மறைத்தால் ரோபோ திகைத்து நிற்கும். நம் ஊர் வீடுகளில் எத்தனை வீட்டுக்குத் திறந்த வானம் இருக்கிறது? அதனால் கேமராவும் சேர்த்து வைக்கிறார்கள்.

கேமரா வந்தால் அடுத்த கேள்வியும் வரும். 2024 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப் கான் மாநாட்டில், எகோவாக்ஸ் கம்பெனியின் வீடு பெருக்கும் ரோபோக்களையும் புல்வெட்டும் ரோபோக்களையும் புளூடூத் வழியாக வெளியாட்கள் கைப்பற்ற முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சக்கரமும் பிளேடும் கேமராவும் உள்ள ஒரு கம்ப்யூட்டர் நம் வாசலில் சுற்றுகிறது என்பதை மறக்கக் கூடாது. உயிர்களின் பாதுகாப்பும் இருக்கிறது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில் 18 ரோபோ மாடல்களின் எதிரே இறந்த முள்ளெலிகளை வைத்துச் சோதித்தார்கள். முட்டிய பிறகுதான் எல்லா ரோபோக்களுக்கும் முள்ளெலி இருப்பது தெரிந்தது. நம் தோட்டத்துத் தவளையும் ஓணானும் அதைவிடச் சின்னவை.

ரோபோவே கூடாது என்று சொல்லவில்லை. அரை ஏக்கர் புல்தரை வைத்திருப்பவருக்கு அது உதவும். வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கம்பெனியின் சர்வர் நின்றுபோனால், ஆப் இல்லாமல் இது புல் வெட்டுமா? 'இல்லை' என்றால் நீங்கள் வாங்குவது மெஷின் அல்ல, முன்பணம் கட்டிய வாடகைப் பொருள்.

மெஷினால் முடியாத வேலை

நல்ல மெஷின் வாங்கினால் நல்ல புல்தரை வரும் என்பது, நல்ல கீபோர்டு வாங்கினால் நல்ல புரோகிராம் வரும் என்பது போல. ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டிய துணுக்குகளைத் தரையிலேயே விடுங்கள், மக்கி நைட்ரஜன் சத்தைத் திரும்பக் கொடுக்கும். வெயில் நன்றாக விழும் இடத்துக்கு அருகம்புல் வகையே போதும். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகம்புல்தான் உலகம் முழுக்க பெர்முடா புல் என்ற பெயரில் விளையாட்டு மைதானங்களில் வளர்கிறது. மண் ஈரம் பார்க்கும் சென்சாரை வாங்கி, மைக்ரோ கன்ட்ரோலரோடு இணைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மலிவான சென்சார்களின் உலோக முனை ஈர மண்ணில் சீக்கிரம் அரித்துவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தண்ணீர்க் கணக்குதான் முக்கியம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். கோடையில் புல் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், எங்கள் 56 சதுர மீட்டருக்குத் தினமும் 280 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் குடிநீர் வழிகாட்டுதல். அதாவது அந்தப் புல்தரை வீட்டில் கூடுதலாக இரண்டு பேர் தங்கியிருப்பதற்குச் சமம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அமெரிக்காவில் 2005-ல் வெளியான நாசா ஆய்வு ஒன்று, அந்த நாட்டின் புல்தரைகள் 1,60,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியிருக்கின்றன என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். நாம் அந்தப் பாதையில் போக வேண்டாம். புல்தரையைப் பாதியாகக் குறைத்தால் தண்ணீர் பாதி, நடை பாதி, மெஷினின் விலையும் பாதி.

கம்பெனிகள் என்ன செய்ய வேண்டும்?

நாம் விழிப்பாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு காலத்தில் செல்போன் சார்ஜர் நிலைமை நினைவிருக்கிறதா? மெல்லிய பின், தடித்த பின், பட்டையான பின் என்று வீட்டில் ஐந்து சார்ஜர் கிடக்கும். அவசரத்துக்கு ஒன்றும் சேராது. ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு யு.எஸ்.பி. டைப்-சி கட்டாயம் என்று சொன்ன பிறகு அந்தத் தலைவலி குறைந்தது. தோட்டக் கருவி பேட்டரியிலும் இது முடியாத காரியம் அல்ல. 2018-ல் மெட்டாபோ தலைமையிலும், 2020-ல் பாஷ், கார்டெனா போன்ற பெயர்கள் சேர்ந்தும் ஒரே பேட்டரியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டணிகளைத் தொடங்கினார்கள். ஆனால் கூட்டணிக்குக் கூட்டணி பேட்டரி வேறு என்பதுதான் வேடிக்கை.

2023-ல் வந்த ஐரோப்பிய பேட்டரிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாடல் கடைசியாகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் அதன் பேட்டரி நியாயமான விலையில் தனியாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்த விதி அமலாகும் தேதி 2027 பிப்ரவரி 18. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் பேட்டரிக் கருவிகளையும் தெளிவாகச் சேர்த்து, எத்தனை வருடம் பேட்டரி கிடைக்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்ய வேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதி தேதி போடுவது போல.

கடைக்குப் போகும் முன்

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை இவை.

1. தரையை அளந்து, நடக்க வேண்டிய தூரத்தைக் கணக்கிடுங்கள். 300 மீட்டருக்குள் என்றால் கையால் தள்ளும் மெஷினைத் தள்ளிப் பாருங்கள்.

2. பேட்டரி மெஷின் என்றால் வோல்ட்டைப் பெருக்கி வாட்-அவரை எழுதிக்கொள்ளுங்கள். விலையை வாட்-அவரால் வகுத்து இரண்டு மாடல்களை ஒப்பிடுங்கள்.

3. பேட்டரியின் தனி விலையைக் கேளுங்கள். மெஷின் விலையில் பாதிக்கு மேல் இருந்தால் யோசியுங்கள். தனியாக விற்பதில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

4. அந்தக் கம்பெனி ஐந்து வருடத்துக்கு முன் விற்ற மாடலுக்கு இன்று பேட்டரி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இனிமேல் கிடைக்கும் என்ற வாக்குறுதியைவிட இது நம்பகமான பதில்.

5. பிளேடு, கார்பன் பிரஷ், ட்ரிம்மருக்கான நைலான் நரம்பு உங்கள் ஊரில் கிடைக்குமா?

6. வாங்கிய பின் பேட்டரியை மொட்டை மாடி ஷெட்டிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் பாதி சார்ஜில் வையுங்கள். பிளேடைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் விற்பனையாளர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். எந்த மெஷின் நல்லது என்று பெட்டி சொல்லாததை அந்த முகம் சொல்லிவிடும்.